‘கேட்டுச் சொல்லு’ அப்பாக்கள்

நடுவில் ஓர் ஆள் இல்லாமல் வாய் திறக்காத இனம் ஒன்று உண்டு. பிழைக்கப் போன நாட்டில் குடியேறிய அப்பாக்களிடையே அது அமோகமாகச் செழித்திருக்கிறது. நம் ஊரிலிருந்து போன லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைப் பாருங்கள். எதிர் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருப்பான்; இவரோ சமையலறைப் பக்கம் திரும்பி, "உன் புள்ள சாப்பிட்டானான்னு கேளு" என்பார். அவனோ சிநேகிதர்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் தோளில் கைபோட்டுப் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன். தன் அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டான். இப்போதெல்லாம் போன் அம்மாவுக்குத்தான் வரும். இவர் பக்கத்தில் நின்று, "சளி போச்சான்னு கேளு, குளிருக்குப் போத்திக்கிறானான்னு கேளு" என்று எடுத்துக் கொடுப்பார். பாசமா? கொட்டிக் கிடக்கிறது. விநியோகம்தான் மனைவி மூலம்.

மெக்கானிக்குக்குத் தூக்கம் கெட்டது. டாக்டர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த நாட்டுக்காரரான அவர், "மனதில் என்ன இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டார். கேட்கலாமா? "எல்லாம் சௌக்கியம்" என்று சொல்லி, அவர் கட்டட லிஃப்ட் ஏன் குலுங்குகிறது என்பதையும் விளக்கிவிட்டு வந்தார் நம்மவர். மனைவி விடவில்லை. தமிழ் பேசும் பெண் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள்.

நம்மவர் எதிரில் உட்கார்ந்ததுமே ஆலோசகர் தங்கச்சியாகிவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. என் சிநேகிதர் ஒருத்தர். மகன் பேசுறதே இல்ல. பாவம், தூக்கமில்லாம அலையுறாரு."

ஆலோசகருக்கா தெரியாது? அவருடைய அப்பாவும் இதே இனம்தான். குட்டை உடைக்காமல், "அப்படியாண்ணா? அவரே மகனுக்கு போன் பண்ணினா என்ன சொல்வாராம்?" என்றார்.

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். "உன்னப் பாக்கணும்போல இருக்குடான்னு சொல்வாரு. ஆனா அழுதுடுவாரு."

"அழுதா அழட்டும். இங்கேருந்தே பண்ணச் சொல்லுங்க."

பண்ணினார். சிநேகிதர் எங்கே போனார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுமுனையில் மகன் பதறினான். "அப்பாவா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அப்பா நேரில் பேசினால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அவனுக்குத் தோன்றுகிறது! மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா நல்லா இருக்காடா. நான்தான்... உன்னப் பாக்கணும்டா."

"சனிக்கிழமை வர்றேம்பா" என்றான்.

சிரிக்கிறீர்கள். கூடவே, இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒருவரைக் குறித்தும் வைத்துவிட்டீர்கள், இல்லையா? படித்தாவது அவருக்கு உறைக்கட்டும் என்று? அதை நீங்களே அவரிடம் சொன்னால் என்னவாம்? நடுவில் நான் எதற்கு?