லோகன் விரிகுடா பல்கலைக்கழகத்துக்கு வயது கூடிய கதை

இதை எனக்கு முதலில் சொன்னவள் டோரின் மெக்ஈக்கன். போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, தேவாலயத்தில் ஊரார் கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து முடிந்து நாங்கள் தட்டுக் கழுவும்போது சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் அப்படியே சொல்கிறேன், ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

டோரின், லோகன் விரிகுடா பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவள். நிலவறையில் ஓர் அறை, நானூறு அட்டைப்பெட்டிகள், ஒரு கெட்டில். பள்ளிப் படிப்போடு வேலைக்குச் சேர்ந்தவள்தான். ஆனால் இருபத்தாறு வருஷத்தில், எந்தக் கடிதம் எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு ஆகிவிட்டாள்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1843-இல். அக்கரையிலுள்ள பிட்ஸ்ராய் பல்கலைக்கழகம் 1841-இல். இந்த இரண்டு வருஷம் மேலிடத்தாரைத் தூங்கவிடவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருஷாவருஷம் போடும் தரப்பட்டியலில் ‘நற்பெயர்’ என்று ஒரு பகுதி உண்டு. எது நல்ல பல்கலைக்கழகம் என்று ஆயிரம் பெரிய மனிதர்களைக் கேட்பார்கள். அவர்கள் போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அதில் ஏற வேண்டுமென்றால் வயது வேண்டும்.

ஒரு நாள் நற்பெயர் மேம்பாட்டு இயக்குநர் ட்ரென்ட் படியிறங்கி வந்தார்.

“டோரின், மன்னிக்கணும்...”

எங்கள் ஊரில் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தால், நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“இந்த அறையக் காபிக் கடை ஆக்கலாம்னு நிர்வாகக் குழு நினைக்குது.”

“என் வேலை?”

“அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். ஆனா, நம்ம 1843-ஐக் கொஞ்சம் பின்னால தள்ற மாதிரி ஏதாவது காகிதம் கிடைச்சா, காப்பகம் அத்தியாவசியம்னு குழு ஒத்துக்கும்.”

“தொடங்கினது 1843-லதானே ட்ரென்ட்?”

“நடந்தது வேற, தொடக்கம் வேற. தொடக்கத்த நாமதான் வரையறுக்கணும்.”

டோரின் தேடினாள். 1839-இல் நிறுவனர் மன்ரோ பாதிரியார் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஆறு பேருக்கு லத்தீன் நடத்தியதாகக் காகிதம் கிடைத்தது. அறிவித்தார்கள். ஒரே வாரத்தில் பிட்ஸ்ராயிலிருந்து கடிதம்: “மிகவும் வருந்துகிறோம். எங்கள் நிறுவனர் 1837-இலேயே மீன் உலர்த்தும் கொட்டகையில் கணிதம் நடத்தியிருக்கிறார்.”

டோரின் மறுபடி பெட்டிக்குள் தலையை விட்டாள். 1834. மரம் வெட்டுகிறவர் ஒருவருக்கு மன்ரோ பாதிரியார் வடிவியல் விளக்கியிருக்கிறார்.

“அவர் கேட்டாரா?” என்றார் ட்ரென்ட்.

“கேக்காம எங்க போவாரு? அவர் சறுக்குவண்டி பனியில புதைஞ்சு கிடந்துச்சு. ரெண்டு மணி நேரம்.”

“புரிஞ்சுதாமா?”

“நடுவுல தூங்கிட்டாராம். பாதிரியார் டைரியில இருக்கு.”

“அப்போ சந்தேகமே இல்ல, அது விரிவுரைதான்!”

பிட்ஸ்ராய் இன்னும் ஆழமாக வருந்தியது. அவர்களுடைய நிறுவனர் 1832-இல் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு கல்லூரி தேவை என்று நினைத்தாராம். நினைப்பதுதானே உயர்கல்வியின் சாரம்?

கடைசியில் டோரினுக்கு ஒரு கடிதம் அகப்பட்டது. மன்ரோ பாதிரியார் தம் தங்கைக்கு எழுதியது. “ஒரு பள்ளி தொடங்கப்போகிறேன். வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து, ‘நீ என்ன படித்தவன்’ என்று யாரும் கேட்கக்கூடாது. என் பெயரையோ வருஷத்தையோ எந்தக் கல்லிலும் வெட்டக்கூடாது.”

இதைப் படித்தால் மேலிடத்துக்கே வெட்கம் வந்துவிடும், இந்தக் கூத்து நின்றுவிடும் என்று டோரின் நம்பினாள். சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு, பல்கலைக்கழகத் தலைவரிடமே கொண்டுபோனாள்.

தலைவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன ஒரு தாழ்மை! டோரின், தேதி என்ன போட்டிருக்கு?”

“1829.”

“ட்ரென்ட், கல்லு வெட்டுற ஆளக் கூப்பிடுங்க!”

வாசலில் பெரிய கருங்கல் வந்தது. 1829 என்று ஓரடி உயர எழுத்து. அதன்கீழே கடிதம் முழுவதும், எந்தக் கல்லிலும் வெட்டக்கூடாது என்ற வரி உட்பட, அழகாக வெட்டியிருந்தார்கள். அந்த வருஷப் பட்டியலில் நான்கு இடம் ஏறினார்கள். காபிக் கடை யோசனை கைவிடப்பட்டது. காப்பகத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ட்ரென்ட் வந்தார்.

“டோரின், மன்னிக்கணும்... இவ்வளவு பழமையான நிறுவனத்தோட காப்பகத்துக்கு முனைவர் பட்டம் வாங்கினவங்கதான் பொருத்தம்னு குழு கருதுது.”

“அந்தக் கடிதத்தக் கண்டுபிடிச்சதே நான்தானேய்யா!”

“அதக் குழு மனசாரப் பாராட்டுச்சு. ஆனா பட்டம் இல்லாதவங்க கண்டுபிடிச்சதுன்னு வெளிய தெரிஞ்சா, கடிதத்து மேலயே சந்தேகம் வருமில்லையா?”

இப்போது அங்கே ஒரு முனைவர் அம்மாள் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை டோரினுக்குப் போன் செய்து எது எந்தப் பெட்டியில் என்று கேட்கிறார். டோரினும் சொல்கிறாள்.

கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை. வீட்டுக்கு வந்து டோரினுக்காக முழங்காலில் நின்றேன். ஜெபம் பாதி போனபிறகுதான் கவனித்தேன்: என் இரண்டாவது மகன் அங்கேதான் படித்தான், கூடத்தில் மாட்டியிருக்கும் அவன் பட்டத்துக்குப் பதினாலு வருஷப் பெருமை கூடியிருக்கிறது. அதற்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆராதனை முடிந்து, கேட்காத இரண்டு பேரிடம் 1829 என்று நானே சொன்னேன்.

டோரின் இப்போது செவ்வாயும் வியாழனும் சும்மாதான் இருக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதம், போட்டோ என்று பெட்டி கிடந்தால், அடுக்கித் தர அவளைக் கூப்பிடுங்கள்.