பதினோரு திண்டும் ஒரு பிளேடும்

இனிமேல் ஒரு திண்டுகூட இந்தச் சோபாவில் ஏறக் கூடாது என்று புரூப் சார் சபதம் எடுத்தபோது அவர் சோபாவில் உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார இடம் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அச்சகத்தில் புரூப் பார்ப்பது அவர் வேலை. அடுத்தவர் பிழையில்தான் அவர் பிழைப்பு. அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவர் புரூப் சார். காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டரைக்கு விடுவார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, சோபாவில் காலை நீட்டி ஒரு மணி நேரம் கண்ணை மூடுவார். இருபத்தாறு வருஷமாக அவர் வாழ்க்கையில் பிழையே இல்லாமல் நடந்துவந்த ஒரே காரியம் அது.

போன வருஷம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் போனதும், அவள் அறையில் தூசி படிந்து கிடந்த தையல் மெஷினை வீட்டம்மா கூடத்துக்கு இழுத்துவந்தாள். மிச்சத் துணியில் இரண்டு திண்டுகளுக்கு உறை தைத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. "நல்லா இருக்கே" என்று அவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். அதோடு விட்டதா? குஞ்சம் வைத்தது, நடுவில் பொத்தான் வைத்தது, வட்டமாக ஒன்று, உருளையாக ஒன்று. உறைக்குமேல் உறை வந்தது. அவருக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லை. பதினொன்று ஆனபோதுதான் உறைத்தது. திண்டு பெருகினால் திண்டாட்டம்.

"இத்தனை எதுக்கு?"

"எத்தனை?"

"பதினொண்ணு."

"அழகுக்குங்க."

"அழகு உட்காந்திருக்கு. நான் எங்க உட்கார்றது?"

"ஓரமா."

"ஓரத்துல குஞ்சம் குத்துது."

"ஐயோ, குஞ்சத்தை நசுக்கிடாதீங்க. மூணு நாள் வேலை அது."

 அச்சடித்த தாளாக இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டு 'நீக்கவும்' என்று எழுதிவிடுவார். வீட்டில் எந்த ஓரத்தில் எழுதுவது?

அதனால் வேறு வழி யோசித்தார். வீட்டம்மா தினமும் நாலு மணிக்குக் காய்கறி வாங்கப் போவாள். முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு திண்டை மடியில் போட்டுக்கொண்டார். சவரம் செய்கிற பிளேடால் உள்பக்கத் தையலில் நாலே நாலு கண்ணியை மட்டும் அறுத்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. யாராவது நன்றாகச் சாய்ந்தால்தான் தெரியும். நாலு தடவை வாய் பிளந்தால் அவளுக்கே சலித்துவிடும் என்பது கணக்கு.

முதலில் சாய்ந்தவர் வீட்டம்மாவின் அண்ணன். 'பட்'டென்று ஒரு சத்தம். அவருடைய கறுப்புக் கால்சட்டை முழுக்கப் பஞ்சு.

"என்னம்மா இது? திண்டு என்னைத் தின்னப் பாக்குது?"

"ஐயோ அண்ணா! தையல் விட்டுப்போச்சு போல."

"நூல் சரியில்லையா, தைச்ச ஆள் சரியில்லையா?"

அண்ணன் சிரித்தார். புரூப் சாரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் கால்சட்டையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அடுத்த வாரம் வட்டம் வாயைப் பிளந்தது. அதற்கடுத்த வாரம் உருளை. ஒவ்வொன்றையும் அவள் விளக்கடியில் உட்கார்ந்து மறுபடி தைத்தாள். மூன்றாவது முறை, கண்ணில் கோளாறோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

டாக்டர் காட்டிய பலகையில் கடைசி வரி வரைக்கும் அவள் கடகடவென்று படித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த புரூப் சாருக்குத்தான் கடைசி இரண்டு வரி தெரியவில்லை. டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்து, கூப்பிட்டு உட்கார வைத்து, கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அவள் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"கண்ணுல ஒண்ணுமில்லைன்னா கையிலதாங்க ஏதோ இருக்கு. நடுங்குதோ என்னமோ. எனக்கே தெரியல."

உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இரண்டு தெரு அப்படியே அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடந்தார். கடைசியில் வாயைத் திறந்து, "வெயில் ஜாஸ்தி" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ முறை அதை நினைத்து நினைத்து மருகினார். சொல்லவில்லை. பிளேடை மட்டும் ஒரு வாரம் தொடாமல் இருந்தார்.

எட்டாவது நாள் மெஷின் மேல் புதிதாக ஆறு உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பதினொன்றும் ஆறும் பதினேழு!  நாலு மணிக்கு அவள் வாசலைத் தாண்டியதும் ஆறில் மேலாக இருந்த ஒன்றை எடுத்தார். இந்த முறை நாலு கண்ணியோடு நிற்கவில்லை. எரிச்சலில் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்று அறுத்தார்.

அந்த ஆறும் அவர் சோபாவுக்கு இல்லை. மாடி வீட்டு டீச்சர் தானே துணி எடுத்துக் கொடுத்துத் தைக்கச் சொன்னவை. வெளியாள் ஒருவர் கேட்டு அவள் தைத்தது அதுதான் முதல் தடவை. நல்லபடி முடிந்ததும் புருஷனிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆறையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க தலைமை ஆசிரியர் வந்திருந்தார். சாஞ்சார். அவ்வளவுதான்."

"கிழிஞ்சிருச்சா?"

"ஒரேடியா. மனுஷன் பஞ்சுக்குள்ளயே உட்காந்துட்டார். மத்த அஞ்சும்கூட உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

டீச்சர் போனபிறகு அவள் அந்த உறையை உள்ளும் புறமுமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு துணியில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு மெஷினை மூடி போட்டு மூடினாள்.

"இனிமே தைக்கலங்க."

தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. புரூப் சாருக்கு அது வெகு காலமாகத் தெரியும். ஒன்றைப் பிரிக்கப் போனால் இன்னொன்றும் விட்டுப்போகும் என்பதுதான் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது.

மறுநாள் மூன்று மணிக்குச் சோபா காலியாக இருந்தது. பதினோரு திண்டும் பரணுக்குப் போய்விட்டன. காலை நீட்டிப் படுத்தார். தூக்கம் வரவில்லை. தலைக்கு வைக்க ஒன்றும் இல்லை. மெஷின் சத்தத்தில்கூடத் தூங்கியவருக்கு, அது இல்லாத சத்தத்தில் தூங்க முடியவில்லை. எதிரில் அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் அச்சகத்தில், 'கைத்தையல்' என்று சரியாக அடித்திருந்ததை 'கை போயிற்று' என்று சிவப்பில் திருத்திவைத்தார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எதிர்ச்சாரியில் இருந்த டெய்லர் கடைக்குப் போனார்.

"எனக்குத் தைக்கக் கத்துத் தரணும்."

"உங்களுக்கா? எதுக்கு சார்?"

"சும்மா. ஒரு ஆசை."

மெஷினை மிதித்தார். முன்னால் போக வேண்டிய துணி பின்னால் வந்தது. நூல் அறுந்தது. ஊசி உடைந்தது. இரண்டாவது ஊசி ஆள்காட்டி விரலில் ஏறியது.

"அடிச்சுத் திருத்துற வேலை இல்ல சார் இது. துணியைப் பிடிச்சு இழுக்காதீங்க. அது போற போக்குல கூடவே போங்க."

மூன்று வாரம் கூடவே போனார். ஓரம் அடிக்க வந்தது. மூலை திருப்ப வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தால் நேர்க்கோடு மாதிரி இருக்கிற ஒரு கோடும் வந்தது.

ஒரு சனிக்கிழமை வீட்டம்மா மாடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து மெஷினின் மூடியைத் திறந்தார். பிளேடு போட்ட உறையைத் தைத்தார். மற்ற ஐந்தின் மேலும் இரண்டாவது வரி ஓட்டினார். வியர்த்துக் கொட்டியது. கடைசி மூலையைத் திருப்பும்போது வாசலில் செருப்புச் சத்தம். அவசரமாக எல்லாவற்றையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா இழுத்துப் பாத்தேன். உன் தையல் கல்லு மாதிரி இருக்கு. உன் கைக்கு ஒண்ணும் ஆகல. நீ தாராளமா தைக்கலாம்."

அவள் ஒன்றை வாங்கிப் புரட்டினாள்.

"இது நான் தைச்சதா?"

"பின்னே?"

"வெள்ளைத் துணியில நான் பச்சை நூல் போடுவேனா?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அச்சகத்தில் இருந்தது.

அதற்குமேல் தாங்கவில்லை. "நான்தான் பிரிச்சேன்" என்றார். "எல்லாத்தையும். மச்சான் சாஞ்சது, வட்டம், உருளை, டீச்சரோடது. பிளேடால."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"டீச்சர் கொண்டு வந்தாங்களே, அன்னிக்கு. தானா அறுந்த நூல் பிசிறிக்கிட்டு நிக்கும். பிளேடு பட்டா வெட்டின மாதிரி இருக்கும். அதுவரைக்கும் என் கைதான்னு நினைச்சேன்."

"அப்போ அழுதியே?"

"கையை நினைச்சு அழல." அவள் உறையை மடித்தாள். "இருபத்தாறு வருஷம் கூட இருந்துட்டு, இடமில்லைடி, நாலை எடுன்னு வாயால நேரா ஒரு வார்த்தை சொல்ல வரலியே உங்களுக்கு. அதான்."

அவர் ஊசி ஏறிய விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும் ஒரு சுழியில் நீக்கிவிடலாம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தவர்.

அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விரல் ஆறிடுச்சா? டெய்லர் சொன்னார், ஊசி ஏறிடுச்சுன்னு."

"டெய்லரா? உன்கிட்டயா?"

"நூல் வாங்கப் போனேன். உங்க வீட்டுக்காரர் மூலை நல்லாத் திருப்புறார்ம்மான்னார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு பெரிய துணி மூட்டையோடு வந்தார். வீட்டம்மாவின் கையில் கொடுப்பார் என்று பார்த்தால், நேராக வந்து புரூப் சாரின் மடியில் வைத்தார்.

"இப்பதான் உங்க வீட்டம்மா மேல வந்து சொன்னாங்க, இனிமே நீங்கதான் தைக்கப் போறீங்கன்னு. எங்க ஆசிரியர் அறைக்குப் பன்னெண்டு உறை. இந்தத் தடவையாவது தையல் பிரியாம பாத்துக்குங்க சார்."