வாய்க்கட்டுக் கயிறும் மிலிட்டரி பூட்ஸும்

சித்திரையில் முப்பது பேர் வந்தார்கள். ஆடியில் சிறுமலை அடிவாரமே கொள்ளவில்லை. வடமதுரையிலிருந்து மாட்டு வண்டிகள், செம்பட்டியிலிருந்து லாரி. எல்லாம் வாய்க்கட்டுச் சித்தரைப் பார்க்கத்தான். போன வருஷம் வரை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய மொக்கைச்சாமிதான் இந்தச் சித்தர். இப்போது பாம்பின் வாயை ஒட்டுகிறார். பெரிய முன்னேற்றம்.

அவர் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டால், காட்டுக்குள் தீர்த்தச் சுனைக்குப் போய்வரும் வரை எந்தப் பாம்பும் வாய் திறக்காதாம். கயிறு எட்டணா. நிபந்தனையும் உண்டு. செருப்பைப் புளியமரத்தடியில் கழற்றிவிட வேண்டும். கையில் கம்பு கூடாது. பாம்பு கடித்துவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது. வாய் திறக்காத பாம்பு எப்படிக் கடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

சித்தர் மட்டும் மிலிட்டரி பூட்ஸ் போட்டிருந்தார். வெறுங்காலில் நடந்தால் அருள் பூமிக்குள் இறங்கிவிடுமாம். அருளுக்குத் தோல்தான் அணை போலிருக்கிறது.

பொன்னுத்துரை கூட்டத்துக்குள் நுழைந்தான். பி.ஏ. படித்தவன். சித்திரையில் அவன் மனைவி சரஸ்வதி இங்கே வந்தாள். கயிறு கட்டினாள். செருப்பைக் கழற்றினாள். சுனைக்குப் போகும் வழியில் விரியன் கடித்தது. சித்தர் அந்தி வரை வேப்பிலை அடித்தார். அதற்குள் திண்டுக்கல் பஸ் மூன்று முறை அடிவாரத்தில் நின்று போனது. கயிறு அறுபடவே இல்லை.

"புருஷன் காலேஜு படிச்சவன். வீட்டுல நம்பிக்கை பத்தலை" என்று சித்தர் தீர்ப்புச் சொன்னார்.

இன்று வரிசையில் வெறுங்காலோடு நின்றவள் சரஸ்வதியின் தங்கை பேச்சியம்மாள்.

"பேச்சி, செருப்பைப் போடு."

"போங்க மச்சான். உங்க பேச்சைக் கேட்டு நானும் சாகணுமா?"

அவன் நேரே சித்தரிடம் போனான்.

"சாமி, பூட்ஸைக் கழட்டிட்டு அந்தப் புதருக்குள்ள பத்தடி நடங்க. நானும் கயிறு கட்டிக்கிறேன்."

"அருள் இறங்கிருமப்பு."

"பத்தடிக்கு எம்புட்டு இறங்கிரும்?" என்றாள் பூ விற்கும் அய்யம்மாள். "நாங்க ரெண்டு மைல் வெறுங்காலோட போறோம்ல?"

"நடங்க சாமி! காலேஜுக்காரன் மூஞ்சில கரியைப் பூசுங்க!" என்று கூட்டம் கத்தியது.

பக்தர்களே பூட்ஸைக் கழற்றினார்கள். சித்தரின் கையில் மூன்று கயிறும் கட்டிவிட்டார்கள். பக்திக்குக் குறைச்சல் வைக்கவில்லை.

ஓர் அடி. இரண்டு. மூன்றாவது அடியில் சருகு சலசலத்தது.

"ஐயோ! கம்பு! கம்பு கொண்டாங்கடா! டேய், என் பூட்ஸு!"

சித்தர் மாட்டு வண்டியின் மேல் நின்றார். அங்கே எப்படி ஏறினார் என்பதுதான் அவர் வாழ்நாளில் செய்த ஒரே அற்புதம். புதரிலிருந்து ஓர் ஓணான் வந்து எல்லாரையும் பார்த்துத் தலையாட்டியது.

"கூட்டத்துல எவனோ நம்பாதவன் இருக்கான்! அதான் பலிக்கலை!"

"இருக்கோம் சாமி" என்றாள் அய்யம்மாள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "இம்புட்டுப் பேரும் இருக்கோம்."

பேச்சியம்மாள் செருப்புக் குவியலைக் கிளறினாள். தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள். அடியில் இன்னொரு ஜோடி கிடந்தது. பச்சை வார். அக்காவுக்குப் பொன்னுத்துரை வாங்கிக் கொடுத்தது. எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் மண்ணைத் தட்டிவிட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

காட்டுக்குப் போகிறவர்களே, செருப்போடு போங்கள். கம்பால் தட்டிக்கொண்டு நடங்கள். பாம்பு கடித்தால் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையை மட்டும் புளியமரத்தடியில் கழற்றிவிட்டுப் போகாதீர்கள். செருப்பென்றால் குவியலில் தேடி எடுத்துவிடலாம்.