அரசாணிக்காயை விட்டுவிட்டேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பது வயது வரை கிடையாது. யாராவது வழி கேட்டால், ஊரே தெரியாவிட்டாலும் கையை நீட்டி ஏதோ ஒரு பக்கம் அனுப்பிவிடுவேன். (பாவம், எத்தனை பேர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்களோ.) இந்த வியாதிக்கு வைத்தியம் நடந்த இடம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் என் மாமனாரின் தோட்டம். நாள், எங்கள் தலை தீபாவளி.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரன். ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். மாமனார் வீட்டிலோ மூன்று ரிக் வண்டிகள், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள். அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் ஒரு முறையாவது ராஜஸ்தான் வெயிலில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். நான் தூங்கியதெல்லாம் ஸ்டாஃப் ரூமில். கல்யாணமான இரண்டாம் மாதமே மாமா ஆரம்பித்துவிட்டார்.

“வாத்தியார் வேலையில என்னங்க மாப்ள இருக்குது? தீபாவளி கழிச்சு ஒரு வண்டிய உங்க பொறுப்புல உடறேன். ராஜஸ்தான்ல ஒரு வருசம் இருந்துட்டு வாங்க. ஆளே மாறிருவீங்க.”

எனக்கு ஆள் மாறுவதில் துளியும் விருப்பமில்லை. தூசி பட்டால் ஒன்பது தும்மல் போடுகிற உடம்பு இது. கம்ப்ரஸர் சத்தத்தை ஐந்து நிமிடம் கேட்டால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி. ஆனால் மாமா முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை. ‘இவன் விஷயம் தெரிந்தவன், இவனைக் கொண்டுபோய் லாரியில் ஏற்றக் கூடாது’ என்று அவருக்கே தோன்ற வேண்டும். அதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது. ஆடிக்கு அழைத்திருந்தபோது, மச்சான் செந்தில் (என் மனைவி நித்யாவின் அண்ணன், ரிக் தொழிலில் மாமாவுக்கு வலது கை) ஷோகேஸில் இருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார்.

“ஜமைக்கா ரம்முங்க மாப்ள. பீப்பாயில இருவத்தோரு வருசம் கெடந்துச்சாமா. சித்தப்பா பையன் கப்பல்ல இருந்து வந்தப்ப அப்பாவுக்குக் குடுத்தது. இதப் பத்தி உங்களுக்குத் தெரியுங்களா?”

ரம்மைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹாஸ்டலில் படித்தபோது ஒரு முறை, கலர் சோடாவில் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்தேன். பிறகு வார்டன் அறை வாசலில் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன்.

“என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க?” என்றேன். “அதெல்லாம் குடிக்கிற சரக்கு இல்ல, ரசிக்கிற சரக்கு. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

“அப்படீங்களா! அப்பத் தீபாவளிக்கு நீங்கதான் தொறக்கோணும்” என்றார் செந்தில். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா என்னவோ இருமினார். வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தீபாவளி வரை பரீட்சைக்குப் படிப்பதுபோல் வீடியோ பார்த்தேன். கரும்புப் பாகை ஜமைக்காவில் நாள்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். பழைய வண்டலை எடுத்து வைத்துப் புதியதில் சேர்க்கிறார்கள். அதில் எஸ்டர் என்கிற வாசனைச் சரக்கு ஏகத்துக்கும் உண்டாகி, அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழ வாசனை அடிக்கும். எஸ்டர் என்றதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அது என் பாடமல்லவா! கிளாஸை எப்படிச் சுழற்றுவது, வாயை லேசாகத் திறந்துகொண்டு எப்படி மோப்பது, முதல் மிடறை எத்தனை விநாடி நாக்கில் உருட்டுவது, எல்லாம் மனப்பாடம். தண்ணீரில் ஒத்திகைகூடப் பார்த்தேன். நித்யா ஒரு நாள் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பல்லு வலிங்களா?” என்று கேட்டாள்.

தீபாவளி வந்தது. மத்தியானம், கறி வேகிற நேரம். செந்தில் ஷோகேஸில் இருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே பாட்டிலைக் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டு வெளியே போனவர், பத்து நிமிடத்தில் கையில் பாட்டிலோடு வெற்றிவீரராகத் திரும்பினார்.

“மோட்டார் ரூம்ல உர மூட்டைக்குப் பின்னால இருந்துச்சுங்க! ஏனுங்கப்பா, சொந்தக்காரங்க கண்ணுல படாம ஒளிச்சு வெச்சீங்களா?”

மாமா அந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அதுல... இருக்குதா?” என்றார்.

“கழுத்து வரைக்கும் இருக்குதுங்க.”

மாமாவுக்கு நெற்றியில் வியர்த்தது. அரிய பொருளைப் பார்த்த பரவசம் என்று நான் முடிவு கட்டினேன். (என் மூக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் கண் எதற்கும் லாயக்கில்லை.)

தலை தீபாவளி மாப்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை. என் முன்னால் ஒரு கண்ணாடி கிளாஸ் வைத்தார்கள். நான் மூடியைத் திருகினேன். ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ரம் பாட்டில் எதற்குச் சீற வேண்டும் என்று வேதியியல் படித்தவன் யோசித்திருக்க வேண்டும். நானோ, “கேட்டீங்களா மச்சான்? இருபத்தோரு வருஷ மூச்சு!” என்றேன்.

கிளாஸில் ஊற்றினேன். நல்ல பழுப்பு நிறம். கொஞ்சம் கலங்கல். “பாரம்பரிய முறைல வடிகட்ட மாட்டாங்க” என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன். பிறகு கிளாஸைச் சுழற்றியபடியே பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

“மாமா, பீப்பாயில இருக்கும்போதே வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போயிடும். யாரும் தொட வேண்டாம், தானாவே குறையும். அதுக்குத் தேவதைகளின் பங்குன்னு பேரு.”

அதுவரை குனிந்திருந்த மாமா சட்டென்று நிமிர்ந்தார். “தானாவே கொறையுங்களா? யாரும் தொடாமயேங்களா?”

“ஆமாம் மாமா.”

“செந்திலு, கேட்டுக்க” என்றார். மாமா என் அறிவில் மயங்கிவிட்டார், ராஜஸ்தான் ரத்து என்று எனக்குள் பட்டாசு வெடித்தது.

மூக்கை உள்ளே விட்டேன். ஆகா! பாடத்தில் படித்தது அப்படியே இருந்தது. கனிந்து கறுத்த வாழைப்பழம். புளித்த வாடை. வெல்லப்பாகு. ஒரு மிடறு எடுத்து நாக்கில் உருட்டினேன். உடம்பு வேண்டாம் என்றது, தொண்டை கெஞ்சியது. ராஜஸ்தானை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் ரசனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

“முதல்ல வாழைப்பழம். பூவன் இல்ல மச்சான், நல்லா அழுகற பதத்துல மொந்தன். அதுக்குப் பின்னால பப்பாளி. அப்புறம் நாட்டு வெல்லம், அதுவும் கொஞ்சம் தீஞ்ச வெல்லம். கடைசியா ஒரு வழவழப்பு... எப்படிச் சொல்றது... முட்டை வெள்ளைக்கரு மாதிரி!”

இன்னொரு மிடறும் குடித்தேன். நிமிர்ந்தால் வாசலில் அத்தை, கறிக்கிண்ணத்தோடு வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாஞ் செரியாச் சொல்றாருங்களே!” என்றார் அத்தை. “மாப்ளைக்கு ஆரு சொன்னது?”

“யாரும் சொல்லல அத்தை. நாக்கே சொல்லுது.”

“அரசாணிக்காய மட்டும் உட்டுட்டீங்க மாப்ள” என்றார் அவர். (எங்கள் பக்கத்துப் பரங்கிக்காய்தான் இவர்களுக்கு அரசாணிக்காய்.) அப்போதுதான் அவர் கண் என் கையிலிருந்த கிளாஸில் விழுந்தது. “அட சாமி! அதக் குடிச்சே போட்டீங்களா? அது தென்னைக்கு ஊத்தறதுங்க!”

வாழைப்பழம், பப்பாளி, அரசாணிக்காய், வெல்லம், முட்டை எல்லாவற்றையும் டிரம்மில் போட்டு நாற்பத்தைந்து நாள் ஊறவைத்த கரைசலாம் அது. தன் அண்ணன் தோட்டத்துக்குக் கொடுக்க அத்தைதான் வடிகட்டி வைத்திருந்தாராம்.

“மாட்டு மூத்திரம்...?” என்று கேட்பதற்குள் என் குரல் கீச்சென்று ஆகிவிட்டது.

“அது வேற டிரம்முங்க மாப்ள. பயப்படாதீங்க” என்றார் அத்தை. என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்ன மிக ஆறுதலான வார்த்தை அது.

“இந்தப் பாட்டல்ல எதுக்கும்மா ஊத்துனே?” என்றார் செந்தில்.

“நல்ல பாட்டலு, மோட்டார் ரூம்ல காலியாக் கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வருமாடா?”

“காலியாவா?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா விட்டத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதான் மாப்ள சொன்னாருல்லொ, தேவதைக பங்குன்னு” என்றார்.

“ஓஹோ! அந்தத் தேவதை வேட்டி கட்டிட்டு மோட்டார் ரூம்ல உக்காந்து முட்டிவலிக்குன்னு குடிச்சுப் போட்டுப் போச்சுங்களா?” என்றார் அத்தை.

நித்யா சுவரில் சாய்ந்து சிரித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றுக்குள் எஸ்டர் வேலையை ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் நான் எங்கே இருந்தேன் என்பதைக் கண்ணியம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன். வெளியே ஊரெல்லாம் வெடி வெடித்தது. உள்ளே நானும் என் பங்குக்கு.

மூன்றாம் நாள் காலை, ரசம் சாதத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானம் போயாயிற்று. இனி லாரிதான், ராஜஸ்தான்தான். மாமா செந்திலிடம் பேசுவது காதில் விழுந்தது.

“மாப்ளைக்கு வண்டி வேண்டாஞ் செந்திலு. இவர ராஜஸ்தான் அனுப்புனா, டேங்க்ல இருந்து டீசல ஒரு கிளாஸ் புடிச்சுக் குடிச்சுப் போட்டு, இது எந்த ஊரு டீசல், எத்தன வருசத்து டீசல்னு சொல்லிட்டு நிப்பாரு. நமக்கு எதுக்கு வம்பு? வாத்தியாராவே இருக்கட்டும்.”

என்னை அவ்வளவு கேவலமாக அதற்கு முன் யாரும் பேசியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் ரசம் சாதம் சாப்பிட்டதும் இல்லை.

அடுத்த வருடம் கப்பல்காரத் தம்பி இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். சீல் பிரிக்காதது. அத்தை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தீபாவளியன்று எல்லோர் முன்னாலும் திறந்தோம். இந்த முறை நான் எதுவும் பேசவில்லை. ஆனால் ஒரு மிடறு உள்ளே போனதும் அசந்துவிட்டேன். வாழைப்பழமும் வெல்லமும், பழைய மரத்தின் மணமும், தொண்டையில் மெதுவாக இறங்கும் சூடும்... இதற்காகக் காத்திருக்கலாம் என்று உண்மையாகவே தோன்றியது. அத்தை மூடியை வாங்கி ஒரு முறை மோந்து பார்த்தார்.

“நம்ம டிரம்மு வாசந்தான். இதுக்குப் போயி இருவத்தோரு வருசமா? நமக்கு நாப்பத்தஞ்சு நாளே போதுமே” என்று சொல்லிவிட்டு முறுக்கு சுடப் போய்விட்டார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் எதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், யாராவது ஒருவர் “அரசாணிக்காய உட்டுட்டீங்க” என்பார்கள். அதைவிட, ஒவ்வொரு நாற்பத்தைந்தாம் நாளும் அத்தையிடமிருந்து தவறாமல் போன் வரும். “மாப்ள, டிரம்மு தொறக்கறோம். ஒரெட்டு வந்து மோந்து பாத்துட்டுப் போங்க. உங்க மூக்குச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.”

நான் போகிறேன். டிரம்முக்கு மேல் குனிந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, முறைப்படி மோக்கிறேன். போன முறை, “அரசாணிக்கா கொஞ்சம் கம்மிங்க அத்தை” என்றேன்.

அத்தை மறுபேச்சுப் பேசாமல் அரிவாள்மனையை எடுத்துவரப் போனார்.