இன்னொரு தங்கப்பன்

"தங்கப்பன் சேட்டனல்லே?" என்று போனில் ஒரு குரல் கேட்டது.

"மலையாளம் தெரியாது" என்று தங்கப்பன் போனை வைத்தார். கேரள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையில் இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர் கூசாமல் சொன்ன பொய் இது.

கூப்பிட்டது பைனான்ஸ் கம்பெனி; ஆட்டோவுக்காக அங்கே வாங்கிய கடன். எட்டு வருஷத்துக்கு முன்பே அடைத்தாயிற்று. கடன் தீர்ந்தது என்று கம்பெனி கொடுத்த கடிதமும் எங்கேயோ இருந்தது. அதைத் தேடுவதைவிடப் பொய் சொல்வது அவருக்கு லேசாகத் தெரிந்தது.

மறுநாள் அதே கம்பெனியிலிருந்து தமிழில் கூப்பிட்டார்கள். "எனிக்கு தமிழ் அறிஞ்ஞூடா" என்று, தமிழே தெரியாதவர்போல மலையாளத்தில் சொன்னார். மூன்றாம் நாள் இரண்டு பாஷையும் தெரிந்த வசூல்காரன் ஷிபு, பைக்கில் வாசலுக்கே வந்துவிட்டான்.

"பதினெட்டாயிரம் பாக்கி உண்டு அண்ணா. அடச்சதுக்குப் பேப்பர் உண்டுமானா காட்டுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கெழம சர்ச்சு வாசல்ல வந்து கேப்பேன்."

சபைக் கமிட்டி முழுக்க தங்கப்பன் கண் முன்னால் வந்து நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"அது நான் இல்ல மக்கா. ஆரியங்கோட்டுல வேற ஒரு தங்கப்பன் உண்டு. எங்க ஸ்டாண்டுல ஓட்டினவன்தான். முட்டு வலி வந்து, இப்பம் ஸ்கூட்டர்ல லாட்டரி விக்கான். அவனாக்கும்."

ஷிபு போய்விட்டான். ஆரியங்கோடு தங்கப்பன் இதைக் கேட்டுச் சிரித்து, அவனை விரட்டிவிடுவான் என்று இவர் மனசைத் தேற்றிக்கொண்டார். பத்து நாளாகப் போன் வரவில்லை. பெருமை தாங்காமல் மனைவி தங்கபாயிடம் சொன்னார்.

"உங்களுக்கு வெக்கமில்லியா?" என்றாள் அவள். "நம்ம மொவளுக்க கல்யாணத்துக்கு ரெண்டு நாளு வண்டி ஓட்டிப்போட்டு, பைசா வேண்டாம்னு போன மனுஷனில்லியா அவரு?"

ஏன் அப்படிச் சொன்னோம் என்று நெஞ்சு அரித்தது. அலமாரி, பெட்டி, பரண் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினார். கடைசியில் கடிதம் ஆட்டோ சீட்டுக்கு அடியில், பழைய இன்சூரன்ஸ் பேப்பரோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. எட்டு வருஷமாக அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்.

அப்போதே ஆரியங்கோட்டுக்கு வண்டியை விட்டார். மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டில் கூட்டுக்காரத் தங்கப்பன் இல்லை. அவன் மனைவி விஜயம்மாதான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணா. அவரு லாட்டரி விக்க நடந்து போயிருக்காரு."

"முட்டு வலிய வச்சிட்டு நடந்தா? ஸ்கூட்டர எங்க?"

விஜயம்மா துணியை உதறியபடியே சொன்னாள்:

"அத வித்துத்தானே அண்ணா அந்த ஷிபுவுக்க கடன அடச்சாரு? 'பாவம், கையில பைசா இல்லாததுனாலயாக்கும் அவன் என் பேரச் சொல்லியிருக்கான், அவனுக்குத் தெரியண்டாம்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."