பட்டியலுக்குத் திரும்பி வந்த முப்பத்தொரு பேர்

கே.கே. நகர்,
மதுரை - 20.
5-4-2004

விசைப்பலகை கம்ப்யூட்டர் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, ஹம்சவேணி நமஸ்காரம் சொல்லி எழுதும் கடிதம். இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமில்லை, ஆகையால் எழுதவில்லை. அவ்விடம் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் ஊருக்கு எழுதுகிற யோசனையை நீங்கள் உங்கள் வீட்டில் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு வகுப்பிலும் தங்கியதில்லை. முப்பது வருஷமாக எங்கள் சௌராஷ்டிர ஜனங்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கிறேன். முன்பு நீள நோட்டில் இருந்ததை மூன்று வருஷமாக வெப்சைட்டில் வைத்திருக்கிறேன். கட்டிக் கொடுத்தவள் என் பேத்தி, மகன் ராஜாராமின் பெண், இந்துப்ரியா. எம்.சி.ஏ. படித்தவள். போட்டோ, கோத்திரம், நட்சத்திரம், வேலை எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தது. சம்பந்தம் முடிந்தால் அன்றைக்கே அந்தப் பேரை எடுத்துவிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நிச்சயமான பெண்ணின் போட்டோ கண்டவர் கண்ணில் படக் கூடாது. எங்கள் ஜனம் சின்ன ஜனம், ஒரு வீட்டில் தும்மினால் எங்களவர் நிறைந்த முனிச்சாலை முழுக்கக் கேட்கும்.

போன ஆடி மாசம் அருப்புக்கோட்டை வாசகர் ஒருவருக்கு நீங்கள் பதில் எழுதினீர்கள். உங்கள் வெப்சைட் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் குடியிருக்கிறது, அது போனால் எல்லாம் போகும், ஆகவே முழுவதையும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு முறை புது நகல் எடுங்கள், நகல் இருந்தால் கவலை இல்லை என்று. நான் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை என்றீர்களே, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று ஒரு வரி உண்டா? கல்யாணச் சமாச்சாரத்தை ராகு காலத்தில் இறக்கலாமா? போன் ஒயர் வழியாக அது இறங்கி முடிய மூன்று மணி நேரம். நடுவில் என் மருமகள் சூடாமணியின் தங்கை போன் பண்ணுவாள், அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் எமகண்டம் வந்து உட்கார்ந்திருக்கும். புரட்டாசியில் செய்யக் கூடாது, ஐப்பசி மழையில் போன் செத்துக் கிடந்தது, மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியமும் தொடங்க மாட்டோம். ஆக நான் நாள் பார்த்து எடுக்கச் சொன்ன நகல் இரண்டுதான். ஆவணியில் ஒன்று, தையில் ஒன்று. இந்துப்ரியா மாசத்தின் பேரைப் போட்டே இரண்டு ஃபோல்டர் வைத்தாள்.

பங்குனியில் உங்கள் வாய் பலித்தது. வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியின் இயந்திரம் படுத்துவிட்டது. எல்லாம் அழிந்தது, நகல் வைத்திருப்பவர்கள் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் என்று கடிதம் வந்தது. ராஜாராம் தலையில் கை வைத்தான். நான் வைக்கவில்லை. உங்களை நம்பி, நம்மிடம் நகல் இருக்கிறது என்று நிமிர்ந்து சொன்னேன். இந்துப்ரியா உட்கார்ந்து பார்த்துவிட்டு, தை ஃபோல்டர் திறக்கவில்லை, ஆவணியைத்தான் ஏற்ற வேண்டும் என்றாள். ஏதோ ஒன்றைப் போடு என்றேன். நகல் இருந்தால் கவலை இல்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்களே. பழைய நகலைப் போட்டால் பழைய ஆட்களும் கூடவே எழுந்து வருவார்கள் என்று எழுதினீர்களா?

வந்தார்கள். ஆவணிக்குப் பிறகு நான் தேடிப் பிடித்து முடித்து வைத்த முப்பத்தொரு பேர் கழுத்தில் தாலியோடும் வயிற்றில் பிள்ளையோடும் பட்டியலுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். ஆறு மாசக் கர்ப்பிணி ஒருத்தியைப் பெண் கேட்டு சேலத்திலிருந்து போன் வந்தது, எடுத்தது அவள் மாமியார். மனைவியை இழந்த ஒருவருக்குக் கார்த்திகையில் இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தேன். அவரைக் கட்டிய அம்மாள் பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவள், மத்தியானம் சும்மா பார்த்திருக்கிறாள், அவளுடைய வீட்டுக்காரர் சிரித்த முகமாக இரண்டாம் தாரம் தேடிக்கொண்டிருக்கிறார். நேரே இங்கே வந்துவிட்டாள். "ஏங்க பாட்டி, நானே ரெண்டாவதுதான். என்னைக் கணக்குல சேக்கலையா, இல்ல கழிச்சாச்சா?" என்று வாசலில் நின்று கேட்டாள். இன்னொரு பையன் தையில் ஆபீசர் ஆகிவிட்டான், அவனை நீங்கள் மறுபடி 'வேலை தேடிக்கொண்டிருக்கிறார்' ஆக்கிவிட்டீர்கள். நீங்கள் என்றுதான் எழுதுவேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த முப்பத்தொரு பேரில் இந்துப்ரியாவும் ஒருத்தி.

அவளுக்குக் கார்த்திகையில் நிச்சயம் செய்தோம். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பாலமுரளி ஓசூரில் கம்பெனி வேலை, தகப்பனார் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. முப்பது வருஷத்தில் நான் பார்த்த இடங்களில் இதுதான் முதல் இடம் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிச்சயத்தன்று பேரை எடுத்தாயிற்று. இப்போது போட்டோவோடு மறுபடி வந்து நிற்கிறாள், கீழே நான் அப்போது சொல்லி எழுதிய வரி: மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் நலம். பாலமுரளியின் சித்தப்பா பார்த்துச் சொல்ல, அவன் தாயார் போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஓசூர் வெளிநாடு இல்லைன்னு உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்" என்றாள். கம்ப்யூட்டர் செய்த வேலை என்று சொன்னேன். "கம்ப்யூட்டர் எப்படிங்க உங்க பேத்திக்கு மாப்பிள்ளை தேடும்" என்றாள். சித்திரை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை முனிச்சாலையில் அவர்கள் பங்காளிகள் கூடியிருக்கும்போது நான் நேரில் வந்து, வேறு இடம் தேடவில்லை என்று சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் நிச்சயத்தட்டு திரும்பி வரும். (நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தாங்கள் படிப்பதற்காக எல்லாரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.)

ராஜாராம் மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறான். சூடாமணி என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை, பாத்திரத்திடம் சொல்கிறாள். இந்துப்ரியா மட்டும்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாள், பாவம், எம்புட்டு மனசு ஒடிந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நான் ஒருவர் வாசலில் போய்க் கைகட்டி நின்றவள் இல்லை, நின்றாலும் என் சொல்லை அவர்கள் நம்பப் போவதில்லை. அச்சில் வந்தால்தான் நம்புவார்கள். ஆகவே, பழைய நகலை ஏற்றினால் நீக்கிய பேர்கள் தாமாகவே வந்துவிடும், இதில் வீட்டாருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, முழுத் தப்பும் நகலுடையது, அதைச் சரியாக விளக்காத தப்பு எங்களுடையது என்று பத்திரிகையின் பேர் போட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பி வைக்க வேண்டியது. அனுப்பாவிட்டால் நான் சந்தாவை நிறுத்துவேன், முனிச்சாலையிலும் சொல்லி நிறுத்துவேன்.

தாங்கள் பெற்ற பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். எங்கள் ஜனமாக இல்லாததால் ஜாதகம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஹம்சவேணி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு யோசனை வந்தது. தை ஃபோல்டர் என்ன சொல்லித் திறக்க மறுக்கிறது என்பதையும் எழுதினால் உங்களுக்கு முத்திரை வைக்கத் தோதாக இருக்குமே என்று, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே போய் உட்கார்ந்து அதை இரண்டு தட்டு தட்டினேன். திறந்தது. ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது. கர்ப்பிணி இல்லை, இரண்டாம் தாரத்துக்காரர் இல்லை, பையன் ஆபீசராக இருக்கிறான், இந்துப்ரியா இல்லை.

அவள் வந்ததும் திரையைக் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். வேறு யாரும் மனசில் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"யாரும் இல்ல பாட்டி. அவர் நல்லவருதான். போன்ல அவரே பேசி அவரே சிரிச்சுக்கிறார். நான் இருக்கேனா வச்சுட்டேனான்னுகூடத் தெரியாது. எனக்கு வேணாம்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி, உனக்குச் சம்மதமா, பயப்படாமச் சொல்லுன்னு கேக்குறீங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்னைத் தாண்டித்தான அடுப்படிக்குப் போனீங்க, கேசரி கிண்ட."

அதற்காக முப்பது குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவாயா என்று கேட்டேன். தன் பேரை மட்டும் போட்டால் போட்டது தான்தான் என்று தெரிந்துவிடும் என்றாள். வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையோடு, எம்புட்டுக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு நின்றேன், அடிக்கவில்லை.

ஆகவே முத்திரைக் கடிதம் வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம்தான், ஆறு பக்கம், கை வலிக்கிறது, அப்படியே அனுப்புகிறேன். உங்களைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிழமை எழுதாததற்காக மீதி அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் முனிச்சாலைக்குப் போய், கம்ப்யூட்டர்மேல் தப்பில்லை, பெண்ணைக் கேட்காமல் நிச்சயம் செய்தவள் நான் என்று பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டு, தட்டையும் கையோடு வாங்கி வருவேன். மற்ற முப்பது வீட்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. ராஜாராமுக்கு இன்னும் தெரியாது.

ஒரே ஒரு சந்தேகம். தை நகலை ஏற்றினாலும் ஆவணி நகல் இந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, அதில் அவள் இன்னும் இருக்கிறாள். ஒருத்தி பேரை மட்டும் எல்லா நகலிலிருந்தும் எடுப்பது எப்படி? பதிலைப் பத்திரிகையில் போட வேண்டாம், தபாலில் என் பேருக்கு அனுப்பவும். அவளிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடுவாள். அவளைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.