மாடிப்படியில் நித்தியகல்யாணி

"…அதெல்லாம் இல்லப்பா, நான் மேல வரமாட்டேன். சுடுகாட்டுப் பூவப் படிக்குப் படி வெச்சிட்டு யாராச்சும் பொண்ணு பாக்கக் கூப்பிடுவாங்களா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு முதல் மாடி. தங்கை செல்வியைப் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், பழைய பெயின்ட் டப்பாக்களில் நான் வளர்த்த நித்தியகல்யாணியைப் படியெல்லாம் அடுக்கியிருந்தேன். விதை போட்டு வளர்த்தது. தண்ணீர் கூடினால் வேர் அழுகிவிடுமென்று தினமும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவேன். (என் காய்ச்சலுக்குக்கூட யாரும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.) கீழ்வீட்டுக் கன்னட அம்மா அந்தப் பூவைப் பறித்துத்தான் சாமிக்கு வைப்பார். குடியாத்தத்தில் அது சுடுகாட்டுப் பூ என்று பெங்களூரில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்?

டப்பாக்களை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள் அம்மா. வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நானோ கையை ஆட்டி ஆட்டிப் பிரசங்கம் செய்தேன். சர்க்கரைக்கு மருந்து, புற்றுநோய்க்கு மருந்து, உங்கள் ஊருக்கு என்ன தெரியும்! (எல்லாம் யூடியூபில் பார்த்த வைத்தியம்.)

"மருந்துன்னா நீயே தின்னு காட்டேன்," என்றார் அத்தை.

தின்றேன். கோபத்தில் ஒரு கைப்பிடி இலை. வேப்பிலையெல்லாம் அதன் முன்னால் பாயசம். கொஞ்ச நேரத்தில், காலையில் தின்ற இட்லி முதல் அத்தனையும் மாப்பிள்ளையின் புது ஷூவில் வந்து விழுந்தது. "பரவால்ல மச்சா," என்றார் அவர், காலை உதறிக்கொண்டே. அந்த நல்ல மனசுக்காகத்தான் ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் அவரைச் செல்வி விரும்பியிருக்கிறாள். இப்போது ஜன்னலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் என்னால். இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், "அண்ணனுக்கு ரெண்டு இலை பறிச்சிட்டு வாங்க" என்பாள்.

அத்தை புடவையை இடுப்பில் செருகினார். ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, நான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை முதுகைத் தடவிவிட்டார். பிறகு படிப்படியாக ஏறி, என் செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். (அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.) மாடிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய், செல்வியின் கண்ணைத் துடைத்து, பையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்துவிட்டார்.